தஞ்சைப் பெரிய கோயில் கண்டோம்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்களில் ஓர் ஆசை பரம்பரைச் சொத்துப் போல வந்துகொண்டே இருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் பிறந்த மண்ணை ஒருமுறை மிதித்துவிட வேண்டும், அவர்கள் வாயால் கேட்ட கோயிலையும் குளத்தையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. இதைச் சொல்லிச் சொல்லியே கண்ணை மூடிய பெரியவர்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். கப்பல் ஓடிய காலத்தில் அவர்கள் கையில் காசு இல்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபோது கப்பல் நின்றுவிட்டது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ரஜுலா 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பலில் 1985இல் தீப்பிடித்தது; அத்தோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கலாம். அங்கிருந்து தஞ்சாவூர் 60 கிலோமீட்டருக்குள்தான். கப்பலில் ஒரு வாரம் போன தூரம் இப்போது அரைநாள் வழியாகிவிட்டது. ஆயினும் பணம் வேண்டும், விடுப்பு வேண்டும், கடப்பிதழ் வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர அமைவது தோட்டத்துக் குடும்பத்துக்கு எளிதன்று.

எங்கள் தோட்டத்தில் சில குடும்பங்கள் கூடிப் பேசி, ஆளுக்கு மாதம் 100 வெள்ளி ஒதுக்குவது என்று முடிவு செய்தோம். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் பெயர் எழுதி, யார் எந்த மாதம் கட்டினார் என்று குறித்து வந்தோம். தீபாவளி வந்த மாதத்தில் சிலர் கட்டவில்லை. அடுத்த மாதம் இரண்டாகக் கட்டினார்கள். இப்படி 24 மாதம் சேர்த்து, 2024 டிசம்பர் விடுமுறையில் புறப்பட்டோம்.

புத்தகத்தில் இருந்தவை 15 பெயர்கள். போனவர்கள் 14 பேர்.

விட்டுப்போனவர் ஒரு பாட்டி. இந்த மலையிலேயே பிறந்து, இந்த மலையிலேயே கொழுந்து கிள்ளி, எண்பதை நெருங்குகிறவர். அவர் பிறந்தபோது லயத்திலிருந்து யாரும் போய்ப் பதியவில்லை. இறங்கிப் போக நல்ல பாதை இல்லாத காலம். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும் காலம். பிற்பாடு குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டிய வேளையிலும் கையில் தாள் இல்லை. அதனால் இன்றளவும் அவர் வைத்திருப்பது சிவப்பு அடையாள அட்டை. அதில் போட்டிருக்கும் பிறந்த வருடமும் குத்துமதிப்பாக எழுதியது. அவருக்குக் கடப்பிதழ் கிடைக்கவில்லை. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். பாட்டி வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்க போயிட்டு வாங்க வாத்தியாரே. அங்க சாமிகிட்ட எம் பேரைச் சொல்லுங்க, அது போதும்" என்றார்.

இதை இப்போதே சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய கோயிலில் நாங்கள் கண்டவற்றுள் மனத்தில் ஆழப் பதிந்தது, கோபுரத்தின் உயரத்தைவிட, அங்கே எழுதப்பட்டிருக்கும் பெயர்கள்தாம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் கோயிலைப் பார்ப்போம். இதைக் கட்டியவன் முதலாம் இராஜராஜ சோழன். அவன் ஆட்சியின் 25ஆம் ஆண்டில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைப்பதற்கான பொன் போர்த்த செப்புக் குடத்தைக் கொடுத்தான். அந்த ஆண்டின் 275ஆம் நாளில் கொடுத்ததாகக் கல்வெட்டு நாள் குறித்துச் சொல்கிறது. கேரளாந்தகன் வாயில், இராஜராஜன் வாயில் என்ற இரண்டு வாயில்களைக் கடந்து உள்ளே போனால், விரிந்த முற்றத்தின் நடுவே 13 நிலைகளோடு, 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது விமானம். நமக்கு மலை புதிதல்ல. நாள்தோறும் மலையில் ஏறி இறங்குகிறவர்கள் நாம். ஆனால் தஞ்சையைச் சுற்றி எங்கும் வயல்வெளி. கருங்கல் மலையே இல்லாத சமவெளியில், பல மைல் தொலைவிலிருந்து கல் கொண்டுவந்து அடுக்கிய மலை இது. எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தனை தோள் வேலை செஞ்சிருக்கும்!" என்றார். கட்டடத்தைப் பார்த்ததும் உழைப்பைக் கணக்கிடுவது உழைத்தவருக்கே வரும்.

இந்தக் கோயிலைப் பற்றி நம்மிடையே பல கதைகள் வழங்குகின்றன. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். நாங்கள் மாலை வரை அங்கேயே இருந்து பார்த்தோம். வெயில் சாயச் சாய நிழல் நீண்டு தரையில் கிடந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஓடி விளையாடினார்கள். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பார்கள். அது பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். முன்னால் இருக்கும் பெரிய நந்தியையும் இராஜராஜன் காலத்தது என்றே பலர் எண்ணுகிறோம். அது பல நூற்றாண்டுகளுக்குப் பின் நாயக்கர் காலத்தில் அமைந்தது. இவற்றைச் சொல்வதால் கோயிலின் பெருமை குறைந்துவிடாது. உண்மையாக உள்ள பெருமையே போதுமான அளவு இருக்கிறது. 1987இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலையும் தாராசுரத்துக் கோயிலையும் அதனோடு சேர்த்தது.

இனி, பெயர்களுக்கு வருவோம்.

கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி நடந்தால், கல்லில் வரிவரியாக எழுத்துகள். நாங்கள் அமர்த்திக்கொண்ட வழிகாட்டி, விரலால் தொடாமல் சற்றுத் தள்ளி நின்று காட்டினார். பழைய தமிழ் எழுத்து ஆதலால் முழுவதும் படிக்க வராது. ஆனாலும் ட, ப போன்ற சில எழுத்துகள் இன்றைய வடிவத்தை ஒத்தே இருக்கின்றன. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி அவற்றைக் கண்டுபிடித்துக் கூவியபோது எங்களுக்கெல்லாம் மெய்சிலிர்த்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒருவர் எழுதியதை, கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஓரெழுத்தாவது படித்துவிட்டாளே!

இராஜராஜன் இட்ட ஆணை ஒன்று அங்கே இருக்கிறது. தான் கொடுத்தவற்றையும், தன் அக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் ஒன்று விடாமல் கல்லிலே வெட்டுக என்பது அதன் கருத்து. அரசன் கொடுத்ததை மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் புகழுரை. மற்றவர்கள் கொடுத்ததையும் எழுதச் சொன்னதால்தான் அது கணக்கு ஆகிறது. எப்படிப்பட்ட கணக்கு என்று நினைக்கிறீர்கள்? உச்சிக் குடத்துக்குச் செம்பு எத்தனை பலம், மேலே போர்த்திய பொன் எத்தனை கழஞ்சு என்று அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். நிறுவையில் அரைக் கிலோ குறைந்தாலும் மாதக் கடைசியில் எப்படித் தெரியும் என்பது நமக்குத் தெரியாததா? அந்தக் கண்டிப்புத்தான் அங்கேயும்.

பொருளுக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் கணக்கு இருக்கிறது. கோயிலில் ஆடவும் பாடவும் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களை அழைத்து வந்து குடியமர்த்தினான் அரசன். அந்த 400 பேரின் பெயரும் கல்லில் உள்ளது. சேரமங்கை, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி என்று ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறாள் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். வழிகாட்டி இதைச் சொன்னபோது எங்களில் ஒரு தாய், "நம்ம லயத்து வீட்டு நம்பர் மாதிரி இருக்கே!" என்றார். ஆமாம், அப்படித்தான் இருந்தது.

அவர்களோடு நின்றுவிடவில்லை. ஆடல் ஆசிரியர்கள், கொட்டுவோர், கணக்கர், விளக்கேற்றுவோர், தண்ணீர் தெளிப்போர், குயவர், வண்ணார், தையற்காரர், தச்சர் என்று பலருக்கும் பங்கு எழுதியிருக்கிறது. நாவிதர் ஒருவருக்கு இராஜராஜப் பெருநாவிசன் என்று அரசன் பெயராலேயே பட்டம். கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சனின் பெயர் குஞ்சரமல்லன்; அவனுக்கு இராஜராஜப் பெருந்தச்சன் என்று பட்டம். விளக்குக்கு நெய் கொடுக்க ஆயர்களிடம் கால்நடைகளை ஒப்படைத்தார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு. அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடு மேய்த்தவர்களின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன.

நேயர்களே, இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. கல் சுமந்தவர்கள், கயிறு இழுத்தவர்கள், சாரம் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லாருடைய பெயரும் அங்கே இல்லை. தோட்டத்தில் பிறந்த நம் கண், இருக்கும் பெயரைப் பார்க்கிறபோதே இல்லாத பெயரையும் தேடுகிறது. நம் மலையின் கதையும் அதுதானே? 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். காட்டை வெட்டி, சரிவிலே குழி எடுத்து, முதல் கன்றுகளை நட்டவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? அவர்கள் நம் பாட்டன்மார்.

பெயரை எழுதி வைத்தால் போதுமா? எழுதியதைப் படிக்கவும் ஆள் வேண்டும். தஞ்சைக் கோயிலே இதற்குச் சான்று. அத்தனை பெரிய கோயிலை யார் கட்டினார் என்பதே இடைக்காலத்தில் மறந்துபோயிற்று. கரிகாலன் கட்டினான் என்றார்கள். வேறு யாரோ கட்டினார்கள் என்றார்கள். சுவர் முழுவதும் பெயர் இருந்தும் படிப்பார் இல்லை. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஹூல்ச் என்ற ஜெர்மானிய அறிஞரும், வெங்கையா போன்ற நம் நாட்டு அறிஞர்களும் அந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்த பிறகே, இது இராஜராஜன் கட்டிய கோயில் என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது. மன்னாதி மன்னனுக்கே இந்த நிலை என்றால், நம் பாட்டன் பெயர் மறந்துபோவதில் வியப்பு ஏது?

நம் நாட்டுக்கும் அந்தச் சுவரில் இடம் உண்டு. இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை அனுப்பினான். அவன் வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைக் கோயிலில் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் வரும் கடாரம்தான் இன்றைய கெடா. இலங்காசோகம் என்பது மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியில் இருந்த இலங்காசுகம். தஞ்சாவூரில் நின்றுகொண்டு நம் ஊர்ப் பெயரைக் கேட்டபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஆயினும் பிள்ளைகளுக்கு ஒன்றை எடுத்துச் சொன்னோம். படையெடுப்பைச் சொல்லி மார்தட்ட வேண்டியதில்லை. படையெடுக்கப்பட்ட நாடு நாம் பிறந்த நாடு. அந்த மக்களின் வழிவந்தவர்கள் நம் அண்டை வீட்டார். நாம் பெருமைப்பட இன்னொரு செய்தி இருக்கிறது. அந்தப் படையெடுப்புக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். சைவனான இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. நாகப்பட்டினத்துக்கும் நம் நாட்டுக்கும் இடையே கப்பல் போக்குவரத்து ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அந்தப் பழைய வழியிலேதான் வந்து இறங்கினார்கள்.

பெருவுடையார் சந்நிதியில் அர்ச்சனைக்கு நின்றோம். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னோம். கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்றோம். கடைசியில் பாட்டியின் பெயரையும் கார்த்திகை நட்சத்திரத்தையும் சொன்னோம். பிறந்த வருடம் தெரியாத பாட்டிக்கு நட்சத்திரம் மட்டும் தெரியும். அவருடைய தாய் சொல்லி வைத்தது. எந்தத் தாளிலும் சரியாக எழுதப்படாத அந்தப் பெயரைக் குருக்கள் கணீரென்று சொன்னார். எங்களில் பலருக்குக் கண் கலங்கியது.

ஊர் திரும்பிய பிறகு எங்களுக்குள் பேசிச் சில வேலைகளைத் தொடங்கியிருக்கிறோம். அவற்றை நீங்களும் உங்கள் வீட்டில் செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை.

முதலாவது, வீட்டுக்கு ஒரு பெயர்ப் புத்தகம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தாத்தா, பாட்டி, அவர்களுடைய தாய் தந்தையர் ஆகியோரின் பெயர், அவர்கள் புறப்பட்ட ஊர், வந்த கப்பல், முதலில் வேலை செய்த தோட்டம், கங்காணியின் பெயர். இவற்றுள் தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததற்கு இடம் விட்டு வையுங்கள். தோட்டத்துப் பழைய பெரட்டுப் புத்தகங்களை எத்தனையோ இடங்களில் கறையான் தின்றுவிட்டது. பெரியவர்களின் நினைவு ஒன்றுதான் மிச்சம். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் கேட்டு எழுதத் தொடங்கியபோது, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் தங்கள் முப்பாட்டன்மார் ஒரே ஊர்க்காரர்கள் என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை அந்த வீட்டார் ஒருவரோடு ஒருவர் அவ்வளவாகப் பேசியதில்லை. இப்போது பொங்கலுக்குப் பானை மாறுகிறது.

இரண்டாவது, தாள் விஷயம். பிள்ளை பிறந்தால் காலம் கடத்தாமல் பதிவு செய்யுங்கள். திருமணத்தையும் சட்டப்படி பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கியதும், பெற்றோர் பெயரும் பிள்ளையின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பள்ளியில் சேர்க்கும்போதும், சேமநிதி எடுக்கும்போதும், கடப்பிதழ் கேட்கும்போதும் அலைச்சல்தான். படிக்கத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, தஞ்சைக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு செய்தி. கடாரத்துப் பழமையைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. கெடாவில் ஜெராய் மலையின் அடிவாரத்தில் மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே புக்கிட் பத்து பகாட் என்ற இடத்தில் பழைய கோயில் ஒன்றின் அடித்தளத்தைத் தோண்டியெடுத்து, 1960ஆம் ஆண்டளவில் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகமும் உண்டு. அதே பள்ளத்தாக்கில் சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில் பழங்கால இரும்பு உருக்கு உலைகள் வெளிப்பட்டன. தஞ்சையைப் போல வானளாவிய கட்டடம் அங்கே இல்லை. இடுப்பளவுக் கற்கள்தாம் இருக்கின்றன. ஆனால் அவை நம் நாட்டு மண்ணில் இருக்கின்றன. 2013இல் அந்தப் பள்ளத்தாக்கின் பழஞ்சின்னம் ஒன்று நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டு, நாடே பேசியது. நாம் போய்ப் பார்க்கப் பார்க்கத்தான் இருப்பவை காப்பாற்றப்படும். தாப்பாவுக்கு இறங்கிப் பேருந்தில் ஒருநாள் பயணம். கடப்பிதழ் வேண்டியதில்லை, சிவப்பு அட்டை உள்ளவரும் தாராளமாகப் போகலாம்.

எங்கள் தோட்டத்தில் அதற்கான நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டோம். முதல் வரியில் பாட்டியின் பெயர் இருக்கிறது. பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், முதல் மாதத்துப் பணத்தைத் தாமே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தம் பெயரை எழுதியிருக்கிறதா என்று பிள்ளை ஒன்றைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

நேயர்களே, நீங்களும் இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் உங்கள் வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்காருங்கள். "உங்க அப்பா பேரு என்ன? அவரோட அப்பா பேரு என்ன?" என்று கேளுங்கள். பிள்ளைகள் எழுதட்டும்.

வணக்கம்.